கட்டைவிரல் ஜவ்வு கிழிந்திருக்கிறதா? கையால் சோதித்து அறியும் முறை

கட்டைவிரலில் அடிபட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் "வெறும் சுளுக்குதான்" என்று சொல்லிக்கொண்டேதான் வருவார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பில் முறிவு இல்லை என்று தெரிந்ததும் அந்த நம்பிக்கை இன்னும் கெட்டியாகிவிடும். ஒரு துணிக்கட்டு, ஒரு வலி மாத்திரை, அதோடு வீட்டுக்கு. ஆனால் மூட்டில் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடியும், வலியும் குறையும். அதன் பிறகுதான் சாவியைத் திருப்பும்போதும் பாட்டில் மூடியைத் திறக்கும்போதும் விரல் பிடிப்பில்லாமல் வெளிப்பக்கமாகச் சாய்வது தெரியவரும். அதற்குள் கிழிந்த ஜவ்வை நேரடியாகத் தைத்துச் சரிசெய்வதற்கான நல்ல காலம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.

இந்த இழப்பைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முறையாகச் செய்தால் ஐந்து நிமிடச் சோதனை, இரண்டு கைகள் போதும். பிசியோதெரபி, நர்சிங், மருத்துவம் படிக்கிறவர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் இந்தச் சோதனை எப்படி நடக்கிறது, எங்கே தவறுகிறது என்று புரிந்துகொள்ள இது உதவும். அடிபட்டவர்கள் தங்களுக்கு என்ன சோதனை செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்ளப் படிக்கலாம். அடிபட்ட விரலை அவர்களே வளைத்துப் பார்க்கக் கூடாது.

எந்த மூட்டு, எந்த ஜவ்வு

கட்டைவிரலில் மூன்று மூட்டுகள். நகத்துக்குக் கீழே மடங்குவது நுனி மூட்டு. விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் இருப்பது நடு மூட்டு. மணிக்கட்டை ஒட்டி, சதைமேட்டுக்கு அடியில் இருப்பது அடி மூட்டு. ஜவ்வு கிழியும் பேச்சு வந்தால் பெரும்பாலும் அது நடு மூட்டைப் பற்றியதுதான். அந்த மூட்டுக்கு மேலே இருப்பது முதல் விரலெலும்பு, கீழே இருப்பது உள்ளங்கை எலும்பு.

நடு மூட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு ஜவ்வு உண்டு. ஆள்காட்டி விரலைப் பார்த்தபடி இருப்பது உள்பக்க ஜவ்வு. மருத்துவக் குறிப்புகளில் யூ.சி.எல். என்று எழுதுவார்கள். மறுபக்கம் இருப்பது வெளிப்பக்க ஜவ்வு, ஆர்.சி.எல். இரண்டுக்கும் நடுவே, உள்ளங்கைப் பக்கமாக, விரல் பின்னால் மடங்கிப் போகாமல் தடுக்கும் கெட்டியான நார்த்தகடு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் வோலார் பிளேட்.

இரண்டு விரலால் ஒரு தாளைக் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் கட்டைவிரலை வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்கி நிற்பது உள்பக்க ஜவ்வு. அடிபடுவதும் அதுதான் அதிகம், அது போனால் பிடிப்பு போவதும் அதனால்தான்.

உள்பக்க ஜவ்வு ஒரே கயிறு கிடையாது. இரண்டு பகுதிகள் சேர்ந்தது. ஒன்று முதன்மைப் பகுதி: உள்ளங்கை எலும்பின் தலையில் புறங்கைப் பக்கமாகத் தொடங்கி, சாய்வாக இறங்கி, முதல் விரலெலும்பின் அடியில் உள்ளங்கைப் பக்கமாகப் பற்றிக்கொள்கிறது. மற்றொன்று துணைப் பகுதி: முதன்மைப் பகுதிக்குக் கீழே, உள்ளங்கைப் பக்கத்தை ஒட்டி ஓடி வோலார் பிளேட்டில் சேர்கிறது. மூட்டை மடக்கும்போது முதன்மைப் பகுதி இறுகும், துணைப் பகுதி தளரும். நீட்டும்போது துணைப் பகுதியும் வோலார் பிளேட்டும் இறுகும், முதன்மைப் பகுதி தளரும். சோதனை முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. எந்தப் பகுதி அறுந்திருக்கிறது என்று கேட்க வேண்டுமானால், அந்தப் பகுதி இறுகி நிற்கும் நிலையில் மூட்டை வைத்துத்தான் கேட்க வேண்டும்.

ஜவ்வு ஏன் சில நேரம் தானாக ஒட்டாது

உடம்பின் பல ஜவ்வுகள் கிழிந்தாலும், அசையாமல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இந்த உள்பக்க ஜவ்வு மட்டும் ஏன் இவ்வளவு கவலை தருகிறது?

கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்து அழுத்தும் தசை ஒன்று உண்டு. அடக்டர் தசை என்பார்கள். அதன் அகன்ற நார்ப்படலம் உள்பக்க ஜவ்வின் மேல் போர்வை மாதிரி படர்ந்திருக்கிறது. விரல் வேகமாக வெளிப்பக்கம் வளைக்கப்படும்போது ஜவ்வு பெரும்பாலும் விரலெலும்புப் பக்கத்தில் அறுகிறது. வளைவு மிக அதிகமானால், அறுந்த முனை அந்தப் படலத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிடும். விரல் பழைய நிலைக்குத் திரும்பும்போது படலமும் திரும்புகிறது. முனை மட்டும் வெளியே மாட்டிக்கொள்கிறது. பெட்டியை அவசரமாக மூடும்போது துணியின் ஒரு நுனி மூடிக்கு வெளியே தொங்குமே, அப்படி. இப்போது ஜவ்வின் முனைக்கும் அது ஒட்ட வேண்டிய எலும்புக்கும் நடுவே படலம் குறுக்கே நிற்கிறது. எத்தனை வாரம் கட்டுப் போட்டாலும் இரண்டும் சந்திக்காது. சுவீடனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பெர்டில் ஸ்டெனர் 1962-இல் இதை விளக்கமாக எழுதினார். அதனால் இதற்கு ஸ்டெனர் நிலை என்று பெயர்.

ஆக, சோதிக்கிறவர் முன்னால் உள்ள கேள்விகள் மூன்று. ஜவ்வில் காயம் இருக்கிறதா? இருந்தால் பாதியா, முழுதுமா? முழுதுமானால் முனை வெளியே மாட்டியிருக்க வாய்ப்பு உண்டா?

தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

விழுந்தபோது கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பனிச்சறுக்கில் கைக்கோலைப் பிடித்தபடியே விழும்போது கோல் கட்டைவிரலை வெளியே நெம்பிவிடும். அதனால்தான் இந்தக் காயத்துக்குப் பனிச்சறுக்குக் கட்டைவிரல் என்றே ஒரு பெயர் ஆங்கிலத்தில் நிலைத்தது. இரண்டு சக்கர வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி விழுவது, வேகமாக வரும் பந்து கட்டைவிரலின் உள்பக்கம் படுவது, விரித்த கையை ஊன்றி விழுவது எல்லாம் அதே வேலையைச் செய்யும். விரல் எந்தத் திசையில் போனது என்பதே பாதி விடை. ஆள்காட்டி விரலை விட்டு விலகிப் போயிருந்தால் உள்பக்க ஜவ்வு. உள்ளங்கையை நோக்கித் தள்ளப்பட்டிருந்தால் வெளிப்பக்க ஜவ்வு. பின்னால் மடங்கியிருந்தால் வோலார் பிளேட். அடிபட்டவருக்குச் சொற்களில் விளக்கத் தெரியாவிட்டாலும் நல்ல கையால் நடித்துக் காட்டச் சொன்னால் சரியாகக் காட்டிவிடுவார்.

அடிபட்ட நாள் எது, "டப்" என்று ஏதாவது உணர்ந்தாரா, அதே விரலில் முன்பு அடிபட்டதுண்டா, எந்தக் கைப் பழக்கம், என்ன வேலை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விபத்தே இல்லாமல், ஒரே மாதிரியான நெம்பல் வருடக்கணக்கில் தொடர்ந்தாலும் ஜவ்வு நீண்டு தளரும். முயல்களின் கழுத்தைக் கையால் முறித்துக் கொல்லும் வேலையில் இருந்த ஸ்காட்லாந்து வேட்டைக்காவலர்களிடம் இதைக் கண்டு கேம்ப்பெல் என்ற மருத்துவர் 1955-இல் எழுதினார். வேட்டைக்காவலர் கட்டைவிரல் என்ற பழைய பெயர் அங்கிருந்து வந்தது. இன்று பலர் புதிய காயத்துக்கும் அதே பெயரைச் சொல்கிறார்கள். இரண்டின் சிகிச்சையும் வேறு என்பதால், எழுதும்போது புதியதா பழையதா என்று தெளிவாக எழுதுவது நல்லது.

பார்ப்பது, பிறகு தொடுவது

இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அடிபட்ட கையை மட்டும் பார்ப்பது தொடக்கநிலையில் எல்லோரும் செய்யும் தவறு. நடு மூட்டின் எந்தப் பக்கம் வீக்கம் அதிகம், எங்கே ரத்தம் கட்டி நீலம் பாய்ந்திருக்கிறது, ஓய்வாக இருக்கும்போதே விரல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். விரலெலும்பு உள்ளங்கைப் பக்கமாகச் சற்று இறங்கி, உள்ளங்கை எலும்பின் தலை புறங்கைப் பக்கம் துருத்தித் தெரிந்தால் ஜவ்வு முழுதும் போயிருக்கலாம். பிடித்துக்கொள்ள ஒரு பக்க ஜவ்வு மட்டுமே மிச்சம் இருக்கும்போது விரலெலும்பு அதை அச்சாக வைத்துத் திரும்பி இறங்கும்.

தொட்டுப் பார்க்கும்போது வலிக்காத இடத்தில் தொடங்கி வலிக்கும் இடத்துக்கு வாருங்கள். ஒரே விரல்நுனி போதும். வீங்கிய விரலில் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் பென்சிலின் பின்புற ரப்பர் நன்றாக உதவும். முதலில் மணிக்கட்டில், கட்டைவிரலை விரித்தால் குழியும் இடம். அங்கே வலித்தால் ஸ்கேஃபாய்ட் எலும்பு முறிந்திருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அடுத்து அடி மூட்டு, உள்ளங்கை எலும்பின் நீளம், நடு மூட்டின் வெளிப்பக்கம், உள்ளங்கைப் பக்கம். கடைசியாக உள்பக்கம். அங்கே மூட்டு இடுக்கையும், அதற்குச் சற்று மேலே விரலெலும்பின் அடியையும், சற்றுக் கீழே உள்ளங்கை எலும்பின் தலையையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். உள்பக்க ஜவ்வு பெரும்பாலும் விரலெலும்பில் பற்றும் இடத்தில் அறுவதால் உச்ச வலி அங்கேதான் இருக்கும்.

மூட்டு இடுக்குக்கு மணிக்கட்டுப் பக்கமாக, உள்ளங்கை எலும்பின் தலைக்கு உள்பக்கத்தில், தொட்டால் கெட்டியாக, தனித்து ஒரு சிறு கட்டி தட்டுப்படுகிறதா? அது வெளியே மாட்டிய ஜவ்வு முனையாக இருக்கலாம். அப்படித் தட்டுப்பட்டால் ஸ்டெனர் நிலை என்று பலமாகச் சந்தேகிக்க வேண்டும். தட்டுப்படவில்லை என்பதால் மட்டும் அது இல்லை என்று விட்டுவிட முடியாது. வீக்கம் அந்தக் கட்டியை மறைக்கும். வெறும் ரத்தக்கட்டே கட்டி மாதிரி ஏமாற்றவும் செய்யும்.

தசைநாண்களையும் உணர்ச்சியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உள்ளங்கை எலும்பையும் முதல் விரலெலும்பையும் பிடித்துக்கொண்டு நுனி மூட்டை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையை மேசையில் படிய வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். விரலின் புறப்பக்கத் தோலில் உணர்ச்சி இரு கையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பின்னால் அறுவை தேவைப்பட்டால், காயத்திலேயே மரத்திருந்ததா அறுவையால் மரத்ததா என்ற கேள்விக்கு இந்தக் குறிப்பு ஒன்றுதான் பதில்.

வளைத்துப் பார்ப்பதற்கு முன் எக்ஸ்ரே

இந்த வரிசையை மாற்றக் கூடாது. கட்டைவிரலுக்கென்றே நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படங்கள் வேண்டும். கையை மொத்தமாக எடுத்த படத்தில் கட்டைவிரல் சாய்வாகத்தான் விழும். படத்தில் விலகாத முறிவு ஒன்று இருந்து, அது தெரியாமல் விரலை நெம்பினால் நல்ல இடத்தில் இருந்த துண்டை நாமே நகர்த்திவிடுவோம்.

விரலெலும்பின் அடியில் உள்பக்கம் சிறு எலும்புச் சில்லு பெயர்ந்திருந்தால், ஜவ்வு அறுவதற்குப் பதிலாகத் தான் பற்றியிருந்த எலும்பைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். சில்லு விலகாமல் அதே இடத்தில் இருக்கிறது, எனவே ஜவ்வும் அங்கேதான் இருக்கும் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். சில்லு ஒரு பக்கம், ஜவ்வு தனியாக இன்னொரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்தே நடப்பதுண்டு. பெரிய துண்டோ விலகிய துண்டோ இருந்தால் வளைத்துப் பார்க்கும் சோதனையே தேவையில்லை. கை அறுவை மருத்துவரிடம் அனுப்பிவிடலாம். வளரும் வயதுப் பிள்ளைகளில் ஜவ்வைவிட எலும்பின் வளர்ச்சித் தட்டு பலவீனமானது. பெரியவருக்கு ஜவ்வு கிழியும் அதே விசையில் பிள்ளைக்கு விரலெலும்பின் அடி, வளர்ச்சித் தட்டோடு சேர்ந்து உடையும். அதனால் பிள்ளைகளின் எக்ஸ்ரேயை இரண்டு முறை பாருங்கள்.

வளைத்துப் பார்க்கும் சோதனை

நல்ல கையில் தொடங்குங்கள். அடிபட்டவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும், பயம் குறையும். சோதிக்கிறவருக்கு ஒப்பிட ஓர் அளவு கிடைக்கும். நடு மூட்டு ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும் மூட்டு. சிலருக்கு அது சில டிகிரிதான் மடங்கும், சிலருக்கு 90 டிகிரி வரை மடங்கும். பக்கவாட்டுத் தளர்வும் அப்படியே. ஒருவருடைய இயல்பு எது என்று அவருடைய மற்ற கைதான் சொல்லும். அந்தக் கையிலும் பழைய அடி இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

முன்கை மேசையில் ஓய்வாக, சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். கட்டைவிரல் மேலே பார்க்கும். எதிரே உட்காருங்கள். ஒரு கையால் உள்ளங்கை எலும்பை, நடு மூட்டுக்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். உங்கள் கட்டைவிரல் அந்த எலும்பின் வெளிப்பக்கம் அழுந்தி நிற்கட்டும். நெம்புகோலின் தாங்குபுள்ளி அதுதான். உங்கள் ஆள்காட்டி விரல் உள்பக்கமாகச் சுற்றி, அதன் நுனி மூட்டு இடுக்கின் மேல் மெதுவாகப் படியட்டும். இடுக்கு திறந்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே அந்த விரல்நுனிக்குத் தெரியும். மற்றக் கையால் முதல் விரலெலும்பை அதன் நடுப்பகுதியில், இரு பக்கமும் பிடியுங்கள். நுனி மூட்டுக்கு மேலே, நகத்தருகே பிடிக்கவே கூடாது. அங்கே பிடித்துத் தள்ளினால் நுனி மூட்டும் சேர்ந்து வளையும், அந்த வளைவையும் நடு மூட்டின் கணக்கில் எழுதிவிடுவோம்.

முதலில் நடு மூட்டை 30 டிகிரி மடக்கி வையுங்கள். மடங்க வேண்டியது நடு மூட்டு. பலர் நுனி மூட்டை மடக்கிவிட்டு 30 டிகிரி ஆயிற்று என்று நினைக்கிறார்கள். இயல்பிலேயே அவ்வளவு மடங்காத மூட்டு என்றால் எவ்வளவு மடங்குமோ அவ்வளவு போதும். இப்போது விரலெலும்பை ஆள்காட்டி விரலை விட்டு விலகும் திசையில், வெளிப்பக்கமாக, மெதுவாகவும் சீராகவும் தள்ளுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று நொடி தள்ளி நிறுத்தி, எவ்வளவு திறக்கிறது, எப்படி நிற்கிறது என்று உணருங்கள். சிறு கோணமானியைப் புறங்கைப் பக்கம் வைத்து அளந்துகொள்ளலாம். இந்த நிலையில் முதன்மைப் பகுதிதான் சோதிக்கப்படுகிறது. பிறகு மூட்டை முழுதும் நீட்டி அதையே திரும்பச் செய்யுங்கள். இப்போது சோதிக்கப்படுவது துணைப் பகுதியும் வோலார் பிளேட்டும். ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறை, தேவையானால் இன்னொரு முறை. அதற்கு மேல் நெம்பிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

எவ்வளவு திறக்கிறது என்பதைப் போலவே, எப்படி நிற்கிறது என்பதும் முக்கியம். உங்கள் நல்ல கட்டைவிரலின் நடு மூட்டில் இதை மெதுவாகச் செய்து பாருங்கள். கொஞ்சம் போனதும், இழுத்துக் கட்டிய கயிறு இறுகுவது போல் ஒரு திடமான தடை கிடைக்கும். பாதி கிழிந்த ஜவ்வில் திறப்பு கூடுதலாக இருக்கும், வலி அதிகமாக இருக்கும், ஆனால் கடைசியில் அந்தத் தடை வரும். முழுதும் அறுந்த ஜவ்வில் தடையே வராது. தோலும் தசையும் மெல்ல இழுபடும் ஒரு குழைவு மட்டும் கைக்குத் தெரியும், விரல் இன்னும் போகத் தயாராக இருப்பது போலிருக்கும். வியப்பாக, முழுதும் அறுந்தவருக்குச் சில நேரம் பாதி கிழிந்தவரைவிட வலி குறைவாக இருக்கும். இழுபடுவதற்கு அங்கே நார் மிச்சமில்லை. வலி குறைவு என்பதை வைத்துக் காயம் சிறியது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

எண்களுக்கு வருவோம். நடைமுறையில் 30 முதல் 35 டிகிரிக்கு மேல் திறந்தாலோ, மற்றக் கையைவிட 15 டிகிரிக்கு மேல் கூடுதலாகத் திறந்தாலோ முழுக் கிழிசல் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மடக்கிய நிலையில் மட்டும் திறந்து, நீட்டிய நிலையில் திடமாக நின்றால் முதன்மைப் பகுதி போயிருக்கிறது, துணைப் பகுதி இன்னும் தாங்குகிறது. இரண்டு நிலையிலும் திறந்து, தடையும் இல்லாவிட்டால் இரு பகுதிகளும் அறுந்திருக்கின்றன. ஸ்டெனர் நிலைக்கு வாய்ப்பு அதிகம் உள்ளது இந்தக் கூட்டத்தில்தான். நீட்டிய நிலையில் மட்டும் சோதித்துவிட்டு "உறுதியாக இருக்கிறது" என்று எழுதுகிறவர், முதன்மைப் பகுதி அறுந்த அத்தனை பேரையும் தவறவிடுவார். எண்களைக் கல்லில் எழுதிய எல்லையாகவும் எடுக்க வேண்டாம். 14 டிகிரி வித்தியாசத்தோடு தடையே இல்லாத மூட்டு, 16 டிகிரி வித்தியாசத்தோடு திடமாக நிற்கும் மூட்டைவிடக் கவலைக்குரியது.

ஏமாற்றும் இரண்டு

முதலாவது, சுழற்சி. கட்டைவிரலின் அடி மூட்டு எல்லாப் பக்கமும் சுழலக்கூடியது. உள்ளங்கை எலும்பைச் சரியாகப் பிடிக்காமல் தள்ளினால் முழுக் கட்டைவிரலும் அடியிலிருந்தே திரும்பும். பார்ப்பதற்கு நடு மூட்டு திறந்தது போலவே இருக்கும், நல்ல ஜவ்வு கிழிந்ததாக எழுதப்படும். இதைக் கண்டுபிடிக்க நகத்தைப் பாருங்கள். தள்ளும்போது நகம் பார்க்கும் திசை மாறி, அதோடு உங்கள் பிடியில் உள்ள உள்ளங்கை எலும்பும் நகர்ந்தால் அது சுழற்சி. பிடியை இறுக்கி மீண்டும் செய்யுங்கள். ஜவ்வு உண்மையில் அறுந்திருந்தாலும் விரல் கொஞ்சம் திரும்பும். ஆனால் உள்ளங்கை எலும்பு உங்கள் கைக்குள் அசையாமல் நிற்கும், மூட்டு இடுக்கில் வைத்த விரல்நுனிக்குத் திறப்பு தெரியும்.

இரண்டாவது, வலி. இது எதிர்த்திசையில் ஏமாற்றும். வலிக்குப் பயந்து அடிபட்டவர் அடக்டர் தசையை இறுக்கிக்கொள்வார். தெரிந்து செய்வதில்லை, தானாக நடக்கிறது. அந்தத் தசை விரலை உள்ளே இழுத்துப் பிடிப்பதால் முழுதும் அறுந்த மூட்டுகூட உறுதியாக நிற்பது போல் தோன்றும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையைத் தொட்டுப் பாருங்கள். அது கல் மாதிரி இருந்தால் அந்த நேரத்தில் கிடைக்கும் எந்த விடையையும் நம்ப முடியாது. பேச்சுக் கொடுத்து, கையைத் தளர்த்தச் சொல்லி, சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் முடியாவிட்டால் மருத்துவர் மூட்டைச் சுற்றி 1 சதவீத லிக்னோகெய்ன் ஊசி கொஞ்சம் போட்டு, மரத்த பிறகு சோதிக்கலாம். ஊசிக்குப் பிறகு சோதனையின் துல்லியம் வெகுவாகக் கூடும். ஊசி போடுவதற்கு முன் உணர்ச்சியைச் சோதித்துக் குறித்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசியும் சாத்தியமில்லை, விடையும் தெளிவாக இல்லை என்றால், கிழிந்திருப்பதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். நடு மூட்டு அசையாதபடி ஸ்பிளின்ட் போட்டு, வீக்கம் குறைந்த பிறகு சுமார் ஒரு வாரத்தில் மீண்டும் சோதியுங்கள். "வலி போகாவிட்டால் வாருங்கள்" என்று அனுப்பக் கூடாது. வலி போய்விடும், ஆள் வர மாட்டார். தேதியை எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். நல்ல அனுபவம் உள்ளவர் செய்யும் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் ஜவ்வின் முனை எங்கே இருக்கிறது என்று காட்டும்.

மற்ற ஜவ்வுகள்

வெளிப்பக்க ஜவ்வுக்கும் அதே சோதனைதான், தள்ளும் திசை மட்டும் எதிர். விரலெலும்பை ஆள்காட்டி விரலை நோக்கித் தள்ள வேண்டும், தாங்குபுள்ளி உள்பக்கம். மடக்கியும் நீட்டியும் இரண்டு முறை. இந்தப் பக்கம் மேலே படர்ந்திருக்கும் நார்ப்படலம் அகலமானது. ஜவ்வு முனை அதற்கு வெளியே மாட்டிக்கொள்வது மிகவும் அரிது. அதனாலேயே பலர் இந்தக் காயத்தை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் விரலெலும்பு இறங்கித் திரும்பி, நடு மூட்டின் வெளிப்பக்கத்தில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். கட்டைவிரலை ஊன்றி அழுத்தும் வேலை எல்லாமே வலிக்கும்.

வோலார் பிளேட்டைச் சோதிக்க, உள்ளங்கை எலும்பைப் பிடித்துக்கொண்டு விரலெலும்பை மெதுவாகப் பின்னால் தள்ளி மற்றக் கையோடு ஒப்பிடுங்கள். இயல்பிலேயே நன்றாகப் பின்னால் வளையும் விரல்கள் பலருக்கு உண்டு. அடி மூட்டின் ஜவ்வுகள் தனியாகக் கிழிவது குறைவு; அங்கே வலியும் வீக்கமும் இருந்தால் உள்ளங்கை எலும்பின் அடியில் முறிவு இருக்கிறதா என்று முதலில் படத்தில் தேட வேண்டும்.

எழுதி வைப்பது, அனுப்பி வைப்பது

"மூட்டு தளர்வாக உள்ளது" என்ற குறிப்பு அடுத்துப் பார்ப்பவருக்கு எதையும் சொல்லாது. இப்படி எழுதலாம்: "வலக் கட்டைவிரல் நடு மூட்டு, உள்பக்கம். அடிபட்டு 4 நாள். 30 டிகிரி மடக்கத்தில் வலது 45, இடது 15, தடை இல்லை. முழு நீட்டலில் வலது 30, இடது 5, தடை இல்லை. மூட்டுக்குக் கீழே உள்பக்கம் கட்டி தட்டுப்படுகிறது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. உணர்ச்சி இயல்பு." இந்த ஐந்தாறு வரியைப் படித்ததும் கை அறுவை மருத்துவருக்கு அவசரம் புரிந்துவிடும்.

தளர்வே இல்லாமல் வலி மட்டும் இருப்பது முதல் நிலை. தளர்வு கூடியிருந்தும் கடைசியில் தடை வருவது இரண்டாம் நிலை. இவை இரண்டும் ஸ்பிளின்டிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். பாதிக் கிழிசலுக்கு வழக்கமாக 4 முதல் 6 வாரம். ஸ்பிளின்ட் நடு மூட்டை அசையாமல் பிடிக்க வேண்டும், நுனி மூட்டை விட்டுவிட வேண்டும். நுனி மூட்டையும் சேர்த்துக் கட்டினால் அது வீணாக விறைத்துப்போகும். தடையே இல்லாத மூன்றாம் நிலையை, அதிலும் ஸ்டெனர் நிலை சந்தேகம் உள்ளவரை, காத்திருக்க வைக்காமல் அனுப்ப வேண்டும். அறுவை செய்து ஜவ்வை அதன் இடத்தில் மீண்டும் பொருத்த முதல் 2, 3 வாரம்தான் நல்ல காலம். அதன் பிறகு முனை சுருங்கித் தழும்போடு ஒட்டிக்கொள்ளும், இழுத்து இடத்துக்குக் கொண்டுவருவது கடினமாகும்.

மாதங்கள் கழித்து வருபவரிடம் சோதனை சற்று மாறும். வலி குறைவாக இருப்பதால் தளர்வு தெளிவாகவே தெரியும், ஊசி தேவைப்படாது. சாவி பிடிப்பது போல் கிள்ளச் சொல்லி, நடு மூட்டு வெளியே சாய்கிறதா என்று பாருங்கள். பிடிமானி இருந்தால் இரு கையின் விசையையும் அளந்து எழுதுங்கள். பிறகு மூட்டை மெதுவாக அழுத்தி அசையுங்கள். நெறநெறவென்று உரசினால், எக்ஸ்ரேயிலும் மூட்டு இடைவெளி குறைந்திருந்தால், குருத்தெலும்பு தேயத் தொடங்கிவிட்டது. குருத்தெலும்பு நன்றாக இருக்கும்வரை வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணை வைத்துப் புது ஜவ்வு அமைக்கலாம். தேய்ந்துபோன மூட்டில் அது நிலைக்காது, மூட்டை அசையாதபடி இணைத்துவிடுவதே வலியைப் போக்கும்.